பாட்டிலில் ஒட்டிய முகவரி: ஜெர்மன் ஒயின் குறித்த வாசகர் கேள்விகள்

ஜெர்மனியின் திராட்சை வட்டாரங்களையும் வகைகளையும் தோட்டங்களையும் படிக்கத் தொடங்கியிருக்கும் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இம்முறை விடையளித்திருக்கிறோம். ஒரே பொருளில் வந்த கேள்விகளை இணைத்து ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி: உணவக மேலாண்மை பயில்கிறேன். ஜெர்மனியின் 13 ஒயின் வட்டாரங்களின் பெயர்களை எத்தனை முறை எழுதிப் பார்த்தாலும் தேர்வில் இரண்டு மூன்று விடுபட்டுவிடுகின்றன. நினைவில் நிறுத்த வழி உண்டா?

பதில்: பட்டியலாகப் படித்தால் விடுபடத்தான் செய்யும். பெயர்களை ஒதுக்கிவைத்துவிட்டு, முதலில் ஒரு வெள்ளைத் தாளில் ரைன் ஆற்றை வரையுங்கள். ஜெர்மனியின் 13 வட்டாரங்களில் 11 வட்டாரங்கள் ரைனின் கரையிலோ அதில் வந்து கலக்கும் ஆறுகளின் கரையிலோதான் இருக்கின்றன; எஞ்சிய இரண்டும் எல்பே ஆற்றைச் சேர்ந்தவை. அந்த இரண்டும் முன்னாள் கிழக்கு ஜெர்மனியில் இருந்தவை என்பதால், 1990இல் நாடு ஒன்றுபட்ட பிறகுதான் இந்தக் கணக்கில் சேர்ந்தன.

சுவிட்சர்லாந்தின் பாசெல் நகரில் வடக்கு நோக்கித் திரும்பும் ரைனின் கிழக்குக் கரையில் நீளமாகக் கிடப்பது பாடன். மேற்கே, பிரான்ஸ் எல்லை முடிந்ததும் தொடங்குவது பிஃபால்ஸ். அதற்கு வடக்கே, ஆற்றின் வளைவுக்குள் அடங்கியிருப்பது ரைன்ஹெஸ்ஸன். ரைன்ஹெஸ்ஸனுக்கு எதிர்க்கரையில், பாடனின் வடக்கு முனையை ஒட்டி, சின்னஞ்சிறு ஹெஸ்ஸிஷெ பெர்க்ஷ்ட்ராஸெ இருக்கிறது. மான்ஹைம் நகரில் நெக்கார் ஆறு வந்து சேர்கிறது. அதை எதிர்த்து மேலேறினால் வூர்ட்டம்பெர்க். மைன்ஸ் நகரின் எதிரே மைன் ஆறு வந்து சேர்கிறது. அதை எதிர்த்து மேலேறினால் ஃபிராங்கன்.

மைன்ஸைத் தாண்டியதும் நடப்பதைக் கவனியுங்கள். வடக்கே ஓடிக்கொண்டிருந்த ரைனை டவுனஸ் மலைகள் மறிக்கின்றன. ஆறு மேற்கே திரும்பிச் சுமார் 30 கிலோமீட்டர் ஓடி, பிங்கன் அருகே மீண்டும் வடமேற்காகப் போகிறது. அந்த 30 கிலோமீட்டரில் வடகரைச் சரிவுகள் முழுவதும் தெற்கு நோக்கி வெயிலைப் பார்த்து நிற்கின்றன, அதுதான் ரைன்காவ். பிங்கனில் நாஹெ ஆறு சேர்கிறது. அதன் பெயரே வட்டாரத்தின் பெயர். அங்கிருந்து குறுகிய பள்ளத்தாக்குக்குள் நுழையும் ரைனின் இரு கரைகளும் மிட்டெல்ரைன். கோப்ளென்ஸில் மோசெலும், அதற்குச் சற்று வடக்கே ஆர் என்ற சிற்றாறும் வந்து சேர்கின்றன. இரண்டும் ஆற்றின் பெயரையே வட்டாரத்துக்குத் தந்தவை. கிழக்கே, டிரெஸ்டன், மைஸன் நகரங்களை ஒட்டி எல்பே கரையில் சாக்ஸன். எல்பேயில் கலக்கும் ஸாலெ ஆற்றையும் அதன் துணையாறான உன்ஷ்ட்ரூட்டையும் சேர்த்து ஸாலெ-உன்ஷ்ட்ரூட். எண்ணிப் பாருங்கள், 13 வந்துவிடும். ஒரு வாரம் நாள்தோறும் இந்தப் படத்தை நினைவிலிருந்து வரைந்தால், பெயர்கள் தாமாகவே ஆற்றோடு வந்து நிற்கும்.

ஒரு பொறியைச் சொல்லிவைக்கிறேன். ரைன்ஹெஸ்ஸன் என்ற பெயரைப் பார்த்து, அது ஹெஸ்ஸன் மாநிலத்தில் இருப்பதாக எழுதிவிடாதீர்கள். வரலாறு அந்தப் பெயரை விட்டுச்சென்றிருக்கிறதே தவிர, இன்று அது ரைன்லாந்து-பிஃபால்ஸ் மாநிலத்தைச் சேர்ந்தது. ஹெஸ்ஸனில் இருப்பவை ரைன்காவும் பெர்க்ஷ்ட்ராஸெயும்தான். பரப்பைப் பொறுத்தவரை, சுமார் 27,000 ஹெக்டேர் கொண்ட ரைன்ஹெஸ்ஸனும் அதற்கு அடுத்த பிஃபால்ஸும் சேர்ந்தாலே நாட்டின் ஒரு லட்சத்துச் சொச்சம் ஹெக்டேரில் ஏறக்குறைய பாதி ஆகிவிடுகிறது. புகழில் முன்னிற்கும் ரைன்காவ் சுமார் 3,200 ஹெக்டேர் மட்டுமே.

கேள்வி: ஜெர்மன் ஒயின் லேபிளில் உள்ள பெயர்கள் ஒரு முழ நீளத்துக்கு இருக்கின்றன. ஒரு சொல்லும் பிடிபடவில்லை. எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

பதில்: நீளமாக இருப்பதே நமக்கு உதவிதான், ஏனெனில் அது பெயரன்று, முகவரி. ஒன்றை எடுத்துப் பிரித்துப் பார்ப்போம்: ‘வேலனர் ஸொன்னெனூர் ரீஸ்லிங் ஷ்பேட்லேஸெ.’ மோசெல் கரையில் வேலன் என்றோர் ஊர் இருக்கிறது. (பெயரைக் கேட்டதும் நமக்கு வேறொரு நினைவு வரும், தற்செயல்தான், ஆனால் மறக்காமலிருக்க உதவும்.) நம் மொழியில் ‘மரம்’ என்பது ‘மரத்துக் கிளை’ என்று வேற்றுமைக்கு ஏற்பத் திரிவதுபோல, ஜெர்மனில் ஊர்ப்பெயரோடு ‘அர்’ சேர்ந்தால் ‘அந்த ஊரின்’ என்று பொருள். ஆகவே வேலனர் என்றால் வேலன் ஊரைச் சேர்ந்த. ஸொன்னெனூர் என்றால் சூரியக் கடிகாரம். 1842இல் யோடோகுஸ் ப்ரூம் என்பவர் தோட்டத்தின் நடுவே பாறையில் ஒரு சூரியக் கடிகாரத்தை அமைத்தார். சரிவில் வேலை செய்பவர்கள் நிமிர்ந்து பார்த்து நேரம் அறிவதற்காக. அது இன்றும் அங்கே நிற்கிறது, தோட்டத்துக்குப் பெயரும் அதுவே. ரீஸ்லிங் திராட்சை வகை. ஷ்பேட்லேஸெ பழுத்த அளவைக் குறிக்கும் சொல். ஊர், தோட்டம், வகை, பழுத்த அளவு என்ற வரிசை கைவந்துவிட்டால் பெரும்பாலான பழைய முறை லேபிள்கள் திறந்துகொள்ளும். ஊர்ப்பெயரை விட்டுவிடவும் கூடாது. பக்கத்து ஊரான ட்ஸெல்டிங்கனிலும் ஒரு ஸொன்னெனூர் உண்டு.

இனி, நான் படித்த காலத்தில் நானே வழுக்கி விழுந்த இடத்துக்கு வருகிறேன். ‘பீஸ்போர்ட்டர் கோல்ட்ட்ரோப்ஃப்ஷென்’, ‘பீஸ்போர்ட்டர் மிஷெல்ஸ்பெர்க்’ என்ற இரண்டு லேபிள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் பீஸ்போர்ட் ஊரின் இரண்டு தோட்டங்கள் என்றுதான் எவரும் நினைப்பார். நானும் தேர்வில் அப்படித்தான் எழுதினேன். முதலாவது ஆற்று வளைவில், ஊருக்கு மேலே எழும் செங்குத்துச் சரிவில் உள்ள உண்மையான தனித் தோட்டம். இரண்டாவது தோட்டமே அன்று. பீஸ்போர்ட்டோடு சுற்றியுள்ள பல ஊர்களின் நிலங்களையும், சரிவையும் சமவெளியையும் ஒன்றாகக் கட்டிச் சூட்டிய தொகுதிப் பெயர் அது. பாட்டிலுக்குள் இருக்கும் ஒயினில் பீஸ்போர்ட் மண்ணில் விளைந்த திராட்சை ஒன்றுகூட இல்லாமலிருக்கலாம்.

இந்தக் குழப்பத்தை உண்டாக்கியது 1971ஆம் ஆண்டின் ஒயின் சட்டம். அதற்கு முன் சுமார் 30,000 தோட்டப் பெயர்கள் வழக்கில் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு பாறை, ஒரு வளைவு, ஒரு பழைய உடைமையாளரின் நினைவு. ஒரு தனித் தோட்டம் பொதுவாகக் குறைந்தது 5 ஹெக்டேராவது இருக்க வேண்டும் என்று சட்டம் விதித்து, அவற்றை 2,600, 2,700 என்ற அளவுக்குச் சுருக்கியது. சுருக்கியதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தனித் தோட்டத்தையும் பல ஊர்களின் தொகுதியையும் ஒரே வாக்கிய அமைப்பில் எழுத அனுமதித்ததே பெரும் பிழை என்பது என் கருத்து. வாங்குபவருக்கு இரண்டையும் வேறுபடுத்த லேபிளில் ஒரு தடயமும் இல்லை. 2021இல் திருத்தப்பட்ட விதிகள், தொகுதிப் பெயரின் முன் ‘ரெகியோன்’ என்ற சொல்லை வைக்கச் சொல்லி இதைச் சரிசெய்ய முயல்கின்றன. பழைய பாட்டில்கள் இன்னும் பல ஆண்டுகள் சுற்றிக்கொண்டிருக்கும் என்பதால், மாணவர்கள் இரண்டு முறைகளையும் அறிந்திருப்பதே நல்லது.

சொல் ஒற்றுமை ஒன்றும் உங்களைத் தடுக்கி விழச்செய்யக் காத்திருக்கிறது. சட்டம் சொல்லும் ‘க்ரோஸ்லாகெ’ மேலே சொன்ன பெருந்தொகுதி. 1910இல் தொடங்கிய வி.டி.பி. என்ற உற்பத்தியாளர் சங்கம் தன் மிகச் சிறந்த தனித் தோட்டங்களுக்கு வைத்திருக்கும் பெயர் ‘க்ரோஸெ லாகெ.’ ஓர் எழுத்துதான் கூடுதல். பொருளோ நேர் எதிர். சங்க உறுப்பினரின் பாட்டிலில், மூடியின் மேலுறையில், திராட்சைக் குலையைத் தாங்கிய கழுகுச் சின்னம் இருக்கும். க்ரோஸெ லாகெ தோட்டத்தில் விளைந்த இனிப்பற்ற ஒயினுக்கு அவர்கள் தரும் பெயர் ‘க்ரோஸெஸ் கெவெக்ஸ்’, சுருக்கமாக ஜி.ஜி. என்று எழுதுவார்கள்.

கேள்வி: ‘ஷ்பேட்லேஸெ’ என்று எழுதியிருந்தால் இனிப்பான ஒயின் என்று எங்கள் பாடக் குறிப்பில் உள்ளது. ஆனால் நான் சுவைத்த ஷ்பேட்லேஸெ துளியும் இனிக்கவில்லை. குறிப்பு தவறா, என் நாக்கு தவறா?

பதில்: உங்கள் நாக்கு சரி, குறிப்புதான் தவறு. காபினெட், ஷ்பேட்லேஸெ, அவுஸ்லேஸெ, பேரன்அவுஸ்லேஸெ, ட்ரொக்கன்பேரன்அவுஸ்லேஸெ என்று ஏறிச்செல்லும் படிகள் பாட்டிலில் உள்ள இனிப்பை அளப்பவை அல்ல. பறித்த அன்று பழத்தில் எவ்வளவு சர்க்கரை இருந்தது என்பதை அளப்பவை.

அந்த அளவின் பெயர் எக்ஸ்லெ. பிஃபோர்ட்ஸ்ஹைம் நகரைச் சேர்ந்த, 19ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஃபெர்டினாண்ட் எக்ஸ்லெயின் பெயரால் வழங்குவது. கணக்கு மிக எளிது. ஒரு லிட்டர் தண்ணீர் 1,000 கிராம். ஒரு லிட்டர் திராட்சைச் சாறு 1,080 கிராம் இருந்தால் அது 80 எக்ஸ்லெ. கூடுதலாக இருக்கும் எடையில் பெரும்பகுதி சர்க்கரை. தோட்டத்தில் இதைப் பார்க்க விரல் நீளமுள்ள ஒரு கைக்கருவி போதும். திராட்சை ஒன்றைப் பிதுக்கி அதன் கண்ணாடிச் சில்லின் மேல் ஒரு சொட்டு விட்டு, மூடியைச் சாய்த்து, வெளிச்சத்தை நோக்கிப் பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்த்தால், உள்ளே அளவுகோலின் மேல் நீலமும் வெள்ளையும் சந்திக்கும் கோடு தெரியும். அந்தக் கோடு நிற்கும் எண்ணே அளவு. ஒரே குலையில் வெயில் பக்கத்துப் பழமும் நிழல் பக்கத்துப் பழமும் வேறு வேறு எண் காட்டும். அதனால் பல இடங்களில் பறித்துக் கலந்து பார்ப்பார்கள்.

காபினெட்டுக்கான கீழ்வரம்பு வட்டாரத்துக்கு வட்டாரம் மாறினாலும் 70ஐ ஒட்டியே இருக்கும். உச்சியில் உள்ள ட்ரொக்கன்பேரன்அவுஸ்லேஸெக்கு 150ஆவது வேண்டும். அந்த நெடும்பெயரில் உள்ள ‘ட்ரொக்கன்’ என்பது கொடியிலேயே வற்றி உலர்ந்த பழத்தைக் குறிக்கிறது. ஒயின் இனிப்பற்றது என்பதை அன்று. உண்மையில் அதைவிட இனிப்பான ஜெர்மன் ஒயின் கிடைப்பது அரிது. ஆனால் லேபிளில் ‘ட்ரொக்கன்’ தனிச் சொல்லாக நின்றால் இனிப்பற்றது என்று பொருள். லிட்டருக்கு 9 கிராமுக்கு மிகாத சர்க்கரை எஞ்சியிருக்கலாம், அதுவும் புளிப்பு போதுமான அளவு இருந்தால் மட்டும். ‘ஹால்ப்ட்ரொக்கன்’ என்றால் 18 கிராம் வரை. ‘ஃபைன்ஹெர்ப்’ என்ற சொல்லுக்குச் சட்டத்தில் எண் இல்லை. அரை இனிப்பு என்று தோராயமாக எடுத்துக்கொள்ளலாம்.

ஆகவே 85 எக்ஸ்லெயில் பறித்த பழத்தின் சர்க்கரை முழுவதையும் நொதிக்க விட்டால், மது அளவு கூடிய இனிப்பற்ற ஷ்பேட்லேஸெ கிடைக்கும். நடுவில் நிறுத்தினால் மது அளவு குறைந்த இனிப்பான ஷ்பேட்லேஸெ. லேபிளில் வேறு குறிப்பு இல்லையென்றால் மது விழுக்காட்டைப் பாருங்கள். 8 என்றிருந்தால் இனிக்கும், 12.5 என்றிருந்தால் பெரும்பாலும் இனிக்காது. இந்த ஒரு வழி எனக்குப் பல பாடப் பக்கங்களைவிடப் பயன்பட்டிருக்கிறது.

குளிரால் பழம் பழுப்பதே அரிதாக இருந்த காலத்தில் சர்க்கரையை அளவுகோலாக வைத்ததில் நியாயம் இருந்தது. இன்று கோடைகள் வெப்பமடைந்து, சாதாரண நிலத்திலும் ஷ்பேட்லேஸெக்கான எக்ஸ்லெ அளவை எளிதாக எட்ட முடிகிறது. எல்லோரும் ஏறிவிட்ட படி யாரையும் உயர்த்திக் காட்டாது. 2021இன் திருத்தம் ஊரையும் தோட்டத்தையும் மீண்டும் முன்னுக்குக் கொண்டுவரப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேள்வி: அவ்வளவு வடக்கே, அந்தக் குளிரில் திராட்சை எப்படிப் பழுக்கிறது?

பதில்: சமதரையில் பழுப்பது கடினம், சரிவில் பழுக்கிறது. ஸாலெ-உன்ஷ்ட்ரூட்டின் தோட்டங்கள் 51 பாகை வடக்கு அகலாங்கில் இருக்கின்றன. அங்கே சூரியன் உச்சிக்கு வருவதே இல்லை, சாய்ந்தே நிற்கிறது. சாய்ந்து வரும் கதிருக்கு எதிரே நிலத்தையும் சாய்த்து வைத்தால் கதிர் நேராக விழும். தெற்கு நோக்கிய சரிவு செய்வது இதைத்தான். கீழே அகன்ற ஆறு இருந்தால் அதன் நீர் வெப்பத்தைத் தேக்கிவைத்து இரவுப் பனியின் கடுமையைத் தணிக்கிறது.

மோசெலில் மூன்றாவதாக மண்ணும் சேர்ந்துகொள்கிறது. அங்குள்ள சரிவுகளில் பெரும்பாலும் மண்ணே தெரியாது. உடைந்த சிலேட்டுத் தகடுகள்தான் கிடக்கும். பள்ளிக்கூடத்தில் நாம் எழுதிப் பழகிய சிலேட்டு அதே இனத்துக் கல்தான். கருநிறக் கல் பகல் வெயிலைக் குடித்துவைத்து இரவில் மெல்ல விடுகிறது. கால் வைத்தால் சரசரவென்று சரியும். மழைநீர் தேங்காமல் கீழே இறங்கிவிடும். வேர் கல்லிடுக்குகள் வழியே ஆழத்துக்குப் போகிறது. ப்ரெம் என்ற ஊரின் கால்மோன்ட் தோட்டம் சில இடங்களில் 65 பாகை வரை சாய்ந்திருக்கிறது; ஐரோப்பாவிலேயே மிகச் செங்குத்தான திராட்சைத் தோட்டங்களில் முதலிடம் அதற்குத்தான் தருகிறார்கள். அங்கே டிராக்டர் ஏறாது. ஒற்றைத் தண்டவாளத்தில் பல்சக்கரத்தால் ஊர்ந்து ஏறும் சிறு வண்டியில் ஆளும் கூடையும் போகும். கொடிகளைப் பந்தல் கம்பியில் படரவிடாமல், ஒவ்வொன்றுக்கும் ஒரு கழி நட்டுக் கட்டுவது அங்கு நெடுநாளைய வழக்கம். கழிமுறையில் எந்தப் பக்கமும் குறுக்காக நடக்க முடியும். கம்பியிருந்தால் சரிவின் நடுவில் மாட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

ட்ரியருக்கும் கோப்ளென்ஸுக்கும் இடையே நேர்கோட்டுத் தொலைவு 100 கிலோமீட்டரை ஒட்டியது. மோசெலோ வளைந்து வளைந்து ஏறக்குறைய அதைப்போல் இரு மடங்கு ஓடுகிறது. ஒவ்வொரு வளைவிலும் வெயில் பார்க்கும் கரை மாறும். வரைபடத்தில் நல்ல தோட்டங்களை மட்டும் வண்ணமிட்டுப் பாருங்கள்: ஒரு வளைவில் இடக்கரை, அடுத்ததில் வலக்கரை என்று நிறம் ஆற்றைத் தாண்டித் தாண்டி ஓடும். தோட்டப் பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட இந்தப் பயிற்சி பயன் தரும்.

கேள்வி: மூலர்-துர்காவ் என்பது ரீஸ்லிங்குக்கும் ஸில்வானருக்கும் பிறந்த வகை என்று ஒரு நூலும், இல்லையென்று இன்னொரு நூலும் சொல்கின்றன. எது சரி?

பதில்: இல்லையென்பதே சரி. சுவிட்சர்லாந்தின் துர்காவ் மாநிலத்தில் பிறந்த ஹெர்மன் மூலர், ரைன்காவின் கைஸன்ஹைம் ஆய்வு நிலையத்தில் பணியாற்றியபோது 1882இல் உருவாக்கிய வகை அது. ரீஸ்லிங்கின் நயமும் ஸில்வானரின் முன்கூட்டிப் பழுக்கும் இயல்பும் சேர வேண்டும் என்பது அவர் எண்ணம், அதனால் பெற்றோரும் அவையிரண்டே என்று நெடுங்காலம் எழுதிவந்தார்கள். மரபணுச் சோதனை வந்த பிறகு, ரீஸ்லிங்கின் இணை ஸில்வானர் அன்று, மட்லேன் ரொயால் என்ற வேறொரு வகை என்று தெரியவந்தது. ‘ரிவானர்’ என்ற மறுபெயர் மட்டும் ரீஸ்லிங், ஸில்வானர் இரண்டின் எழுத்துகளையும் சுமந்தபடி இன்றும் கடைகளில் நிற்கிறது. கெயார்க் ஷாய் 1916இல் உருவாக்கிய ஷாய்ரெபெக்கும் இதே கதி. அங்கும் ஸில்வானர் பெற்றோரில்லை என்று பின்னர் தெரிந்தது. பழைய நூல்களில் வகைகளின் பெற்றோர் பற்றிய பகுதியை மட்டும் நம்பாமல் படியுங்கள்.

பெயரில் ரீஸ்லிங் இருப்பதெல்லாம் ரீஸ்லிங் ஆகிவிடாது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். வூர்ட்டம்பெர்க்கின் ஷ்வார்ட்ஸ்ரீஸ்லிங், பிரெஞ்சுக்காரர்கள் பினோ மெனியே என்று அழைக்கும் கருந்திராட்சை. சாக்ஸனின் கோல்ட்ரீஸ்லிங் ஒரு கலப்பு வகை. உண்மையான ரீஸ்லிங் பழமையானது. 1435இல் காட்ஸெனெல்ன்போகன் கோமகனின் கணக்கேட்டில், ரூஸெல்ஸ்ஹைமில் வாங்கிய கொடிகளுக்கான செலவாக அதன் பெயர் முதன்முதலாகப் பதிவாகியிருக்கிறது. இன்று நாட்டின் தோட்டப் பரப்பில் நான்கில் ஒரு பங்கை நெருங்கும் அளவு அதற்கே. ஸில்வானரைப் படிக்க வேண்டுமானால் ஃபிராங்கனுக்குப் போக வேண்டும். வூர்ட்ஸ்பூர்க் நகரைச் சுற்றிய கிளிஞ்சல் சுண்ணாம்புக்கல் மண்ணில் அது காட்டும் அடக்கமும் உறுதியும் வேறெங்கும் அவ்வளவாக வருவதில்லை. தட்டையான வயிறு கொண்ட ‘போக்ஸ்பாய்டல்’ பாட்டிலைக் கண்டால் ஃபிராங்கன் என்று தூரத்திலிருந்தே சொல்லிவிடலாம்.

கேள்வி: ஜெர்மனி என்றால் வெள்ளை ஒயின் மட்டும்தானா?

பதில்: இல்லை. பரப்பில் மூன்றில் ஒரு பங்கை ஒட்டிக் கருந்திராட்சைதான். பிரான்சின் பினோ நுவார் இங்கே ஷ்பேட்புர்குண்டர் என்ற பெயரில் வளர்கிறது. அந்த வகையை உலகில் மிகுதியாகப் பயிரிடும் நாடுகளில் பிரான்சுக்கும் அமெரிக்காவுக்கும் அடுத்தது ஜெர்மனி. சிறு வட்டாரமான ஆர், வடக்கே இருந்தும் பெரும்பகுதி சிவப்பே விளைவிக்கிறது. 2021 ஜூலை வெள்ளம் அந்தப் பள்ளத்தாக்கின் நிலவறைகளைப் புரட்டிப்போட்டது. சேறு பூசிய பாட்டில்களை அப்படியே விற்று மறுகட்டுமானத்துக்குப் பணம் திரட்டினார்கள். அடர்ந்த நிறமுள்ள டார்ன்ஃபெல்டர், வைன்ஸ்பெர்க்கில் ஆகுஸ்ட் ஹெரோல்ட் 1955இல் உருவாக்கியது.

கேள்வி: லீப்ஃப்ராவ்மில்ஷ் என்ற பெயரை என் தந்தையார் அடிக்கடி சொல்வார். பாடத்தில் அதைப் பற்றி ஒரு வரிதான் இருக்கிறது. ஏன்?

பதில்: தொடக்கத்தில் அது வோர்ம்ஸ் நகரின் அன்னை மரியாள் தேவாலயத்தைச் சுற்றிய ஒரு தோட்டத்தின் ஒயினுக்கு மட்டும் உரிய பெயர். அதன் புகழைப் பார்த்து மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். பிறகு சட்டமே ரைன்ஹெஸ்ஸன், பிஃபால்ஸ், நாஹெ, ரைன்காவ் ஆகிய நான்கு வட்டாரங்களுக்கும் அதைத் திறந்துவிட்டது. உங்கள் தந்தையார் காலத்தில் ஏற்றுமதியான மென்இனிப்பு ஒயின்களில் பெரும்பகுதி அதுவே. இடத்தைக் குறித்த பெயர் சுவையைக் குறிக்கும் பெயராக மாறினால் என்ன ஆகும் என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு; ஒரு வரிக்கு மேல் எழுதியிருக்கலாம்.

கேள்வி: நான் மது அருந்துவதில்லை. ஆனாலும் இந்தப் பாடம் பிடித்திருக்கிறது. குடிக்காமல் இதைப் படிக்க முடியுமா?

பதில்: ஆறு, பாறை, சட்டம், மொழி, வரலாறு ஆகியவையே இந்தப் பாடத்தின் பெரும்பகுதி; அவற்றுக்குக் கோப்பை தேவையில்லை. தொழிலாகச் சுவைப்பவர்களும் வாயில் வைத்து உமிழ்ந்துவிடுகிறார்கள், விழுங்குவதில்லை. நீங்கள் வாயிலும் வைக்க வேண்டாமென்றால் முகர்ந்து பழகலாம். பல ஆண்டுகள் முதிர்ந்த ரீஸ்லிங்கில் மண்ணெண்ணெயை நினைவூட்டும் வாடை எழும். அதை அறிய மூக்கு ஒன்றே போதும். சுவை பார்த்தே விடையளிக்க வேண்டிய தேர்வு உங்கள் படிப்பில் இருக்கிறதா என்பதை மட்டும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐஸ்வைன் ஏன் ஆண்டுதோறும் கிடைப்பதில்லை?

பதில்: பழம் கொடியிலேயே உறைய வேண்டும், குறைந்தது -7 டிகிரி செல்சியஸ் குளிர் வேண்டும், உறைந்த நிலையிலேயே பறித்துப் பிழிய வேண்டும். பழத்தின் நீர் பனிக்கட்டியாகப் பிழிபொறியில் தங்கிவிட, சர்க்கரையும் புளிப்பும் செறிந்த சில சொட்டுகள் மட்டும் வடியும். அதற்காகக் குலைகளை மாதக்கணக்கில் கொடியில் விட்டு, பறவைக்கும் அழுகலுக்கும் காவல் காத்து, விடியலுக்கு முன் ஆட்களை எழுப்ப வேண்டும். 2019ஆம் விளைச்சலில் 13 வட்டாரங்களில் ஒன்றிலும் போதுமான குளிர் வரவில்லை; நாடெங்கும் ஐஸ்வைன் இல்லாமலே அந்த ஆண்டு போயிற்று.

கேள்வி: என்னிடம் உள்ள இரண்டு பாட்டில்களில் உற்பத்தியாளர், ஆண்டு, ஊர், தோட்டம், வகை, பழுத்த அளவு எல்லாம் ஒன்றே. ஆனால் விலையும் சுவையும் வேறு. எப்படி?

பதில்: லேபிளின் ஓரத்தில் ‘ஏ.பி.’ என்று தொடங்கும் நீண்ட எண்ணைப் பாருங்கள். தர ஒயின் ஒவ்வொன்றும் விற்பனைக்கு முன் அரசுச் சோதனைக்குப் போகிறது. தேறினால் இந்த எண் கிடைக்கும். அதன் முற்பகுதி சோதனை நிலையத்தையும் ஊரையும் உற்பத்தியாளரையும் குறிக்கும். கடைசி எண் ஆண்டு. ஆனால் அது சோதித்த ஆண்டே தவிர, விளைந்த ஆண்டன்று. அதற்கு முந்தைய எண்தான் உங்களுக்கு வேண்டியது: அந்த ஆண்டில் அவர் சோதனைக்கு அனுப்பிய எத்தனையாவது ஒயின் என்பதை அது சொல்லும். ஒரே தோட்டத்தில் இரண்டு மூலைகளில் பறித்ததை, அல்லது இரண்டு வாரம் தள்ளிப் பறித்ததை, தனித்தனிப் பீப்பாயில் வைத்துத் தனித்தனியாக அடைத்திருப்பார். மோசெலில் இது வழக்கமானது. உங்கள் இரண்டு பாட்டில்களிலும் அந்த எண் மட்டும் வேறாக இருக்கும்; எடுத்துப் பாருங்கள்.